தரவு வெளியே போகக் கூடாது

இதில் வருவது அத்தனையும் சத்தியம். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு புள்ளி குறைக்கவில்லை. வேண்டுமானால் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலையில் என்பதை மட்டும் கொஞ்சம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊரின் ஓரத்தில் ஒரு கடைசல் பட்டறை. அதன் சொந்தக்காரரை எல்லோரும் லேத்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பம்புக்கு ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு கடைவார், புஷ் மாற்றுவார், பல் தேய்ந்த சக்கரங்களைக் கையில் வாங்கி, பெற்ற பிள்ளையின் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்து உச்சுக்கொட்டுவார். பட்டறையில் இரண்டு லேத். சின்னது வீட்டுக் கரன்டில் முனகிக்கொண்டு ஓடும். பெரியது த்ரீ ஃபேஸ் கரன்ட் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அது கிடைக்கிறவரை சும்மா நிற்பானேன் என்று அவர் மனைவி அதன்மேல் துணி உலர்த்தினாள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் லேத்காரர் மின்சார ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"த்ரீ ஃபேஸ் தொழிற்சாலைக்குத்தான். உங்களோடது தொழிற்சாலையா, கைத்தொழிலா?"

"பட்டறைங்க."

"நாடு தொழில்மயமாறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிருந்தா கைத்தொழில். அதுக்கப்புறம்னா தொழிற்சாலை. நீங்க முன்னாடியா, பின்னாடியா?"

"நாடு எப்பங்க மாறிச்சு?"

அவர் இப்போதுதான் தலையைத் தூக்கினார். பக்கத்து மேஜையைப் பார்த்தார். பக்கத்து மேஜை ஜன்னலைப் பார்த்தது.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் தனியா ஒரு ஆணையம் இருக்கே. அங்க போய்க் கேட்டு ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

லேத்காரர் பட்டறைக்கு வந்தார். சின்ன லேத்தில் பாதி கடைந்த ஷாஃப்டை அப்படியே விட்டுவிட்டு, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

"இவளே, உலை கொதிக்கறதுக்குள்ள வந்துடறேன்."

"எந்த வீட்டு உலைன்னு சொல்லிட்டுப் போங்க," என்றாள் அவள்.

ஆணையத்தின் கட்டிடம் சாம்பல் நிறம். தண்டவாளத்தில் நகரும் பெரிய இரும்புக் கேட். கேட்டில் ஒரு பலகை: 'தரவு வெளியே போகக் கூடாது.' லேத்காரர் அதை இரண்டு தடவை படித்தார். தரவு என்பது அங்கே வளர்க்கும் நாயின் பெயராக இருக்கும் என்று முடிவுசெய்து, உள்ளே போனதும் கேட்டை அவரே பத்திரமாக இழுத்து மூடினார். நல்ல மனுஷர்.

கேட்டில் வாட்ச்மேன் ஒரு மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மைக்கில் பேசுவது உள்கூடத்தில் பதிவாளரம்மாவின் காதுக்குப் போகும். பதிவாளரம்மா காதில் விழுந்ததைத் தட்டுவார், தட்டியதை அழிக்கமாட்டார். கம்ப்யூட்டர் வந்த முதல் நாள், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் விவரத்தையே தட்டிப் பார்த்தவர். அன்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

"தொழில்?" என்றார் வாட்ச்மேன்.

"லேத் வேலைங்க. கடைசல்."

"எப்ப ஆரம்பிச்சது?"

"தொழில் ஆரம்பிச்சதா? எனக்குக் கல்யாணம் ஆச்சே, அந்த வருஷம்தான்," என்று லேத்காரர் வருஷத்தையும் சொன்னார்.

உள்ளே ஒரு மணி அடித்தது. ஒரு கதவு திறந்தது. யாரோ ஓடினார்கள். யாரோ "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். லேத்காரர் திரும்பிப் பார்த்தார்; நாய் ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் ஆணையத்தின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாடு எந்த வருஷம் தொழில்மயமானது என்று பழைய கணக்குகளை வைத்துக் கண்டுபிடிப்பது அதன் வேலை. முதலில் ஏதாவது ஒரு வருஷத்தின் உற்பத்தியை நூறு என்று வைத்துக்கொண்டு மற்ற வருஷங்களை அதோடு ஒப்பிட்டார்கள். எந்த வருஷத்தை நூறு என்று வைத்தாலும் அந்த வருஷம் மிகச்சரியாக நூறாகவே இருந்தது. இந்த அதிசயத்தை எழுதி முடிக்கவே முதல் தலைவரின் பதவிக்காலம் போதவில்லை.

அடுத்து இரண்டு அறிஞர்கள் வந்தார்கள். ஒருவரை எல்லோரும் கரியார் என்றார்கள். எந்த வருஷம் நாட்டில் நிலக்கரி அதிகம் எரிந்ததோ அந்த வருஷமே தொழில் தொடங்கியது என்பது அவர் கட்சி. அப்படி ஒரு வருஷத்தைக் கண்டும் பிடித்தார். அந்த வருஷம் குளிர் அதிகம், ஜனங்கள் கரியை எரித்துக் குளிர்காய்ந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. "குளிர்காயறதும் ஒரு உற்பத்திதான், உஷ்ணம் உற்பத்தியாகுதே," என்று சமாளித்தார்.

மற்றவர் வளைவார். கணக்கைக் கோடாகப் போட்டு, அது எங்கே முழங்காலை மடக்குகிறதோ அங்கே தொழில் தொடங்கியது என்பார். அவருடைய கோடு ஒரு வருஷம் மலையிலிருந்து உருண்டதுபோல விழுந்தது. நாடே அழிந்ததோ என்று பயந்து விசாரித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் வரை மூட்டையில் எண்ணியிருந்தார்கள், அந்த வருஷத்திலிருந்து டன்னில் எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இவை போதாதென்று நடுவில் சில வருஷங்களுக்குக் கணக்கே இல்லை. சண்டை நடந்த காலம். கணக்கு இருந்த கட்டிடம் எரிந்துவிட்டது. அந்த ஓட்டையின் இரண்டு கரையையும் ஸ்கேல் வைத்து நேர்கோட்டால் இணைத்தார்கள். குண்டு விழுந்த அந்த வருஷங்களில்தான் நாடு தடங்கலே இல்லாமல் சீராக முன்னேறியிருந்தது.

லேத்காரருக்குக் கல்யாணம் ஆனது அந்த ஓட்டையின் நடுவில்.

ஆணையத்தின் இப்போதைய தலைவர் ஓடிவந்து லேத்காரரின் இரண்டு கையையும் பிடித்து உள்கூடத்துக்கு அழைத்துப்போனார். "ஐயா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"பட்டறையிலதாங்க."

"தொழில் ஆரம்பிச்ச வருஷம் தெரியாம நாடே தவிக்குது, நீங்க பாட்டுக்குப் பட்டறையில இருந்திருக்கீங்க!"

"ஐயா, நான் சொன்னது என் தொழில்..."

"அடக்கத்தைப் பாருங்க," என்றார் தலைவர் கரியாரிடம். "என் தொழில், உன் தொழில்னு பிரிச்சா பொருளாதாரம் எப்படி?"

"எனக்கு ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன். வீட்டுல உலை வச்சிருக்கா."

தலைவர் கேட்டில் இருந்த பலகையை ஜன்னல் வழியாகச் சுட்டிக்காட்டினார். ஒரு மகாநாட்டில் நிற்பவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, இந்த ஆணையம் எதற்காக இருக்கிறது? உண்மையைக் கண்டுபிடிக்க என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கு நாம் எங்கே போவது? ஆண்டு விழாவுக்கு மேடை போட்டாயிற்று, கல்வெட்டு வந்து இறங்கிவிட்டது, வருஷம் ஒன்றுதான் பாக்கி. இப்போது அதுவும் நடந்தே வந்துவிட்டது. இந்தத் தரவை வெளியே விட்டால் யாராவது சரிபார்த்துவிடுவார்கள். அந்த அவமானம் நம் நாட்டுக்கு வேண்டாம்."

கைதட்டினார்கள். லேத்காரரும் தட்டினார். எதற்கென்று தெரியாவிட்டாலும் எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லை.

அன்றிலிருந்து அவர் தரவு. கெட்டுப்போகாமலிருக்க ஏசி அறையில் வைத்தார்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் சட்டைப் பையில் அந்துருண்டை போட்டார்கள். "தரவுக்கு நகல் ஒண்ணு தனியா இருக்கணும். உங்களுக்கு இரட்டைப்பிறவி யாராவது?" என்று பதிவாளரம்மா கேட்டார். "ஒரு தம்பி இருந்தான்" என்று ஆரம்பித்த லேத்காரர், தம்பியின் சுகத்தை நினைத்து, "இல்லைங்க, அது கனவு" என்று முடித்துக்கொண்டார்.

வளைவார் வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தரவு ரொம்பக் கரடுமுரடா இருக்கு. வழவழப்பாக்கிட்டுத்தான் கோட்டுல சேர்க்க முடியும்."

வழவழப்பாக்க முடிதிருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். லேத்காரரின் மீசை வாலிபத்தில் முளைத்த நாளிலிருந்து கத்தி கண்டதில்லை. அது போயிற்று. கேட்டில் வாட்ச்மேன் தொழில் என்ன, எப்போதிலிருந்து என்று கேட்டிருந்ததால் முடிதிருத்துகிறவரும் திரும்பிப் போகவில்லை. அவரைத் தேடிவந்த டீக்கடைக்காரரும் போகவில்லை. காரில் வருகிறவர்களிடம் மட்டும் வாட்ச்மேன் தொழில் கேட்பதில்லை. சல்யூட் அடிக்கும் கையால் மைக்கைப் பிடிக்க முடியாது. ஆகையால் தலைவரும் அறிஞர்களும் தினமும் வந்து தினமும் வீட்டுக்குப் போனார்கள்.

உலை கொதித்து, வற்றி, பாத்திரம் கருகிய பிறகு லேத்காரரின் மனைவி கேட்டுக்கு வந்தாள்.

"தொழில்?" என்றார் வாட்ச்மேன்.

"என்ன தொழில்? வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

மைக் வழியாக அதைக் கேட்ட பதிவாளரம்மாவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. சும்மா இருப்பதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதவர் தரவு இல்லை. தரவு இல்லாதவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், போகலாம். பட்டறைக்கு ஆள் பிடித்து, வேலை வாங்கி, சமைத்து, துவைத்து, கணவர் கடையும்போது எண்ணெய் ஊற்றிக்கொடுத்த அந்தம்மாள், நாட்டின் பொருளாதாரத்தைப் பொறுத்தவரை காற்று. காற்றுக்கு ஏது கேட்?

உள்ளே வந்தவள் ஏசி அறையை எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் எங்க?"

"இவளே, நான்தான்."

அவள் கிட்டே வந்து பார்த்தாள். மூக்குக்குக் கீழே பார்த்தபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அடக்கடவுளே! சீட்டு வாங்க வந்தீங்களா, சாமியாராக வந்தீங்களா?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள், ஒரு இடம் வரை.

"எந்த வருஷம்னு சொன்னீங்க?"

சொன்னார்.

"அந்த வருஷமா நமக்குக் கல்யாணம்?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதுக்கு அடுத்த வருஷம்! கட்டினவளையே மறந்த மனுஷன், கட்டின வருஷத்தையா ஞாபகம் வச்சிருப்பீங்க?"

இது கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. அறிஞர்கள் பரபரத்தார்கள். ஒரு வருஷம் தள்ளினால் கோட்டின் முழங்கால் தொடைக்கு ஏறிவிடும் என்றார் வளைவார். தலைவர் மட்டும் அசையவில்லை.

"கல்வெட்டுல பொறிச்சாச்சு. நாடு ஒரு முறைதான் தொழில்மயமாகும். கல்யாணத்தை அவங்க மாத்திக்கட்டும்."

அவள் தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். லேத்காரர் தினமும் இளைத்தார். "சின்ன லேத்துல பாதி ஷாஃப்ட் நிக்குது," என்பார். "துருப்பிடிச்சிடும். எண்ணெயாவது தடவி வை." வேறெதுவும் கேட்கமாட்டார். ஏசி அறையில் குளிர்ந்த அவர் விரல்கள், இல்லாத கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருக்கும். அவள் அதைப் பார்க்காததுபோலப் பாத்திரத்தைக் கழுவுவாள்.

ஒருநாள் கரியார் அவரிடம் ரகசியமாக வந்தார். லேத்காரர்மேல் இரக்கமெல்லாம் இல்லை. வளைவாரின் கோடு ஜெயித்துவிடக்கூடாது. "மத்த புள்ளிங்களை விட்டு எங்கேயோ தூரமா நிக்கற புள்ளியைத் தப்புன்னு தூக்கி வெளிய எறிஞ்சிடுவாங்க. நீங்க ஏதாவது நம்பமுடியாத வருஷத்தைச் சொல்லுங்க."

லேத்காரர் பதிவாளரம்மாவிடம் போய், தன் தொழிலைத் தன் பாட்டனுக்கும் பாட்டன் தொடங்கினான் என்று முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு வருஷத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த அந்துருண்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார், புறப்படத் தயாராக.

தலைவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "முந்நூறு வருஷமா! அப்படின்னா உலகத்துலயே முதல்ல தொழில்மயமானது நாமதான்!"

"ஆனா அந்தக் காலத்துல நம்ம நாட்டுல இரும்பே கிடையாதே," என்றார் வளைவார்.

"அதுதான் பெருமை! இரும்பு வச்சுக்கிட்டு எவன் வேணா தொழில்மயமாகலாம்."

கல்வெட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் பொறித்தார்கள். லேத்காரர் இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த தரவு. அறைக்கு இரண்டாவது பூட்டு வந்தது. அந்துருண்டையும் புதியது.

அன்றைக்கு அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "இவளே, நீ இனிமே அலையாதே. பட்டறையை வித்துடு," என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே தலைவரும் அறிஞர்களும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பதிவாளரம்மா விரல்களைச் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் அவள் மிகுந்த பணிவோடு, "உங்களைப் பாத்தா மலைப்பா இருக்கு. எத்தனை அறிவு! நீங்க எப்பங்க இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

தலைவரிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. மலர்ந்துபோனார்.

"அதை ஏம்மா கேக்கறே! வாலிப வயசுலயே வந்துட்டேன். முதல்ல பஞ்சம் எப்ப முடிஞ்சதுன்னு கண்டுபிடிக்கற ஆணையம். நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள அடுத்த பஞ்சம் வந்துடுச்சு, அதனால பதவி நீடிச்சது. அப்புறம் இது. எந்த வருஷம்னா..." என்று வருஷத்தையும் சொன்னார்.

டக், டக், டக் என்று பதிவாளரம்மா தட்டும் சத்தம் கேட்டது. கரியார் விட்டுக்கொடுப்பாரா? தலைவருக்கு இரண்டு வருஷம் முன்பே தான் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். வளைவார் அவருக்கும் முன்னால் என்றார். டக், டக், டக்.

அன்று மாலை மூன்று கார்கள் கேட்டுக்கு வந்தன. மைக் பேசியது. பேசியது பதிவாளரம்மாவின் குரல். "கார் உள்ளே தரவு இருக்கு. வெளியே போகக் கூடாது."

வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். கேட்டைத் திறக்கவில்லை.

தலைவர் தலைகீழாக நின்று பார்த்தார். பிறகு கூட்டம் போட்டார். அந்த விதியே மனிதத்தன்மை அற்றது, எந்த முட்டாள் எழுதினான் என்று கேட்டார். அவர் கையெழுத்தைக் காட்டினார்கள். உடனே விதியை ரத்து செய்து ஓர் உத்தரவு எழுதினார். ஆனால் அதில் மேலிடம் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அதை வெளியே கொண்டுபோக வேண்டும். உள்ளே இருந்தவர்களில் வெளியே போகக்கூடியவர் ஒரே ஒருத்தி.

மறுநாள் காலையில் அவள் உத்தரவோடு கேட்டுக்கு நடந்தாள். ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். லேத்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மேலுதட்டில் மீசை லேசாக முளைத்திருந்தது.

முந்தின நாள் அவள் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. சின்ன லேத்தில் பாதியில் நின்ற ஷாஃப்டை அவளே கடைந்து முடித்துவிட்டாள். ஒரு தடவை உளி முறிந்தது. அப்புறம் இரும்புச் சுருள் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு விழுந்தபோது, பட்டறையில் யாரும் இல்லாததால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பம்புக்காரன் ஷாஃப்டைப் போட்டுப் பார்த்து, "அண்ணன் கைவேலைன்னா சும்மாவா!" என்று சொல்லிப் போனான். அவளும் விட்டுவிட்டாள்.

"தொழில்?" என்றார் வாட்ச்மேன், வழக்கம்போல.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து தலைவர் கத்தினார். "அவங்களை ஏன்யா கேக்கறே? சும்மா இருக்கறவங்கதானே! வேற வேலை என்ன அவங்களுக்கு, போயிட்டு வரட்டும்!"

"ஆமாமா, சும்மாதான் இருக்காங்க!" என்றார் கரியார். இந்த ஒன்றில் வளைவாரும் அவரோடு ஒத்துப்போனார். முடிதிருத்துகிறவர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார்.

"சும்மான்னு சொல்லிடு, இவளே!" என்று லேத்காரரும் கெஞ்சினார். "ஒரு வார்த்தைதானே!"

அவள் திரும்பி அவரை அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது, எது முதலில் வந்தது என்று எந்த அறிஞராலும் சொல்லியிருக்க முடியாது. பிறகு உள்ளங்கையை விரித்துத் தானே பார்த்துக்கொண்டாள். ரேகைகளில் கருப்பாக எண்ணெய் ஏறியிருந்தது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

மைக்குக்குக் குனிந்தாள்.

"லேத் வேலை," என்றாள். "கடைசல். எழுதிக்குங்கம்மா. கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து. வருஷமும் சொல்றேன், சரியான வருஷம்."

சொன்னாள். உள்ளே டக், டக், டக் என்று கேட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு..." மைக் திறந்தே இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார், டக் சத்தம் கேட்டுவிட்டது. அவரே கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை விதிப்படி உள்பக்கம் மாட்டினார்.

அவள் உத்தரவை மடித்து விசிறிக்கொண்டே மாடி ஏறினாள். லேத்காரர் நகர்ந்து இடம் விட்டு, அவள் கையில் ஏறியிருந்த எண்ணெய்க் கருப்பைப் பார்த்தார்.

"நீயா கடைஞ்சு முடிச்சே?"

"பின்ன, உங்க மீசையா வந்து கடைஞ்சுது?"

"உளி முறிஞ்சிருக்குமே."

"ஒண்ணுதான்."

"முதல் ஷாஃப்டுல எனக்கு மூணு," என்றார் அவர்.

அந்தக் கேட்டுக்கு உள்ளே நடந்ததைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இன்றுவரை உள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவர்கூட வெளியே வந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.